துணி கிழிந்த இடம்

நான் ஆறு வருடம் ஓட்டிய பழைய காரில் ஓட்டுநர் சீட்டின் வலது ஓரம் கிழிந்திருக்கும். சீட்டின் நடுவில் ஒன்றும் இல்லை, சாய்மானத்திலும் ஒன்றும் இல்லை. உட்காருபவர் பக்கவாட்டில் நழுவாமல் இருக்க இடுப்பை ஒட்டிச் சீட்டைக் கொஞ்சம் மேடாக எழுப்பியிருப்பார்களே, அந்த மேட்டில் மட்டும் ஒரு சாண் நீளத்துக்குத் துணி தேய்ந்து, நூல் பிரிந்து, உள்ளேயிருக்கும் ஸ்பாஞ்சு தெரியும். வாங்கிய புதிதில் அது எனக்குப் புரியவேயில்லை. ஏறி இறங்குவதால் தேய்ந்தது என்றால் கதவுப் பக்கம்தான் தேய்ந்திருக்க வேண்டும். அமெரிக்காவில் ஓட்டுநரின் கதவு இடது பக்கம். இதுவோ காரின் நடுப்பக்கம்.

ஒரு நாள் சீட் பெல்ட்டை மாட்டும்போது கை அந்த இடத்தில் உரசியது. அப்போதுதான் உறைத்தது. அது போலீஸிலிருந்து ஓய்வு பெற்ற கார். வலது கைப்பழக்கம் உள்ள ஒருவர், துப்பாக்கியை உறையோடு வலது இடுப்பில் கட்டிக்கொண்டு, ஒரு ஷிஃப்டில் எத்தனையோ தடவை ஏறி இறங்கியிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் அந்த உறை அதே மேட்டில் அழுந்தித் தேய்ந்திருக்கிறது. பெல்ட் மாட்டும் கொக்கியும் அதே இடுக்கில்தான் இருக்கிறது. துப்பாக்கிக்கும் சீட்டுக்கும் நடுவில் விரலை நுழைத்துத்தான் அவர் பெல்ட்டை மாட்டியிருக்க முடியும், அவசரத்தில் கழற்றியிருக்க முடியும்.

அவர் யாரென்று எனக்குத் தெரியாது. ஆனால் அவர் உட்கார்ந்த விதம் அந்தத் துணியில் இருந்தது. ரோந்து கார்களைப் பற்றி அதற்கப்புறம் நான் படித்தது, போய்ப் பார்த்தது எல்லாம் அந்தக் கிழிசலில் தொடங்கியதுதான்.

2013 வசந்தத்தில், டெட்ராய்ட்டுக்கு மேற்கே ஒரு ஏலத்தில் அந்தக் காரை எடுத்தேன். 2008 மாடல் ஃபோர்டு கிரவுன் விக்டோரியா போலீஸ் இன்டர்செப்டர். விஷயம் தெரிந்தவர்கள் அத்தனை நீளமாகச் சொல்ல மாட்டார்கள், பி71 என்பார்கள். வண்டியின் அடையாள எண்ணில் வரும் குறியீடு அது. 2008 மாடலிலிருந்து கிரவுன் விக்டோரியாவைத் தனி ஆட்களுக்கு விற்பதையே ஃபோர்டு நிறுத்தியிருந்தது. போலீஸ், டாக்சி, அரசு அலுவலகம் என்று மொத்தமாக வாங்குபவர்களுக்கு மட்டும்தான். அதனால் என்னைப் போன்றவர்களுக்கு ஏலம்தான் வழி. 2,600 டாலருக்குக் கிடைத்தது.

காரை ஏலத்துக்கு விடும் முன் காவல் துறை தன் சாமான்களையெல்லாம் கழற்றிக்கொள்ளும். கழற்றிய இடங்கள் அப்படியே இருக்கும். கூரையில் ஆன்டெனா இருந்த ஓட்டைக்கு ஒரு ரப்பர் மூடி. டேஷ்போர்டில் ரேடியோவும் லேப்டாப்பும் தாங்கிய ஸ்க்ரூக்களின் துளைகள். இடது கண்ணாடித் தூணில் ஸ்பாட்லைட் மட்டும் எப்படியோ தப்பித்து நின்றது. உள்ளேயிருந்தே கைப்பிடியைத் திருப்பி இருட்டில் வீட்டு எண்களைப் பார்க்கலாம். கதவைத் திறந்தால் உள்விளக்கு எரியாது. பல்பு போய்விட்டது என்று நினைத்தேன், அதுவும் இல்லை. இரவில் கதவைத் திறந்து இறங்கும் போலீஸ்காரரை வெளிச்சம் காட்டிக் கொடுத்துவிடக் கூடாது என்பதற்காகத் தொழிற்சாலையிலேயே அப்படிச் செய்து தரும்படி காவல் துறை கேட்கலாம்.

மீட்டரில் 117,000 மைல் என்று இருந்தது. அதே மீட்டரில் ஒரு பொத்தானை அழுத்தினால் வேறொரு கணக்கு வரும்: வண்டி நகராமல் இன்ஜின் மட்டும் ஓடிய மணி நேரம். என் காரில் அது 4,100. ஐடிலில் ஒரு மணி நேரம் நிற்பது ஏறக்குறைய 33 மைல் ஓடியதற்குச் சமம் என்று ஃபோர்டே போலீஸ் வண்டிகளுக்குக் கணக்குச் சொல்லியிருக்கிறது. பெருக்கிப் பார்த்தால் 135,300 மைல். அதாவது அந்த இன்ஜினின் உழைப்பில் பாதிக்கு மேல் ஓடாமல் நின்ற உழைப்பு. ரோந்து கார் என்றால் துரத்தும் கார் என்றுதான் நாம் நினைக்கிறோம். இந்த எண்ணைப் பார்த்த அன்று எனக்கு அந்த நினைப்பு மாறியது. இது பெரும்பாலும் நின்றுகொண்டிருக்கும் கார். சாலையோரத்தில், பனியில், விபத்து நடந்த இடத்தில், விளக்குகளும் ரேடியோவும் அணையாமல் இருக்க இன்ஜினை ஓடவிட்டு, உள்ளே ஒரு ஆள் மடியில் பலகை வைத்து அறிக்கை எழுதிக்கொண்டிருக்கும் அறை.

அறை என்று சொல்லும்போது பின்சீட்டையும் சொல்ல வேண்டும். அந்த வருடக் கோடையில் அம்மா வந்திருந்தார். விமான நிலையத்திலிருந்து வீடு வந்து, பெட்டிகளை இறக்கி உள்ளே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் அம்மா இன்னும் பின்சீட்டிலேயே உட்கார்ந்திருக்கிறார். கதவைத் திறந்தேன். "ஏம்ப்பா, உள்ளேயிருந்து இதைத் திறக்கவே முடியாதா?" என்றார். முடியாது. கைப்பிடி இருக்கும், இழுத்தால் ஒன்றும் நடக்காது. கண்ணாடியும் இறங்காது. இரண்டு நிமிடம்தான், ஆனால் அம்மாவின் முகத்தில் ஒரு கலக்கம் இருந்தது. அடுத்த நாளே கதவுப் பலகையைக் கழற்றி இணைப்புக் கம்பியை மாட்டினேன். மாட்டிவிட்டு ஒரு தடவை நானே பின்னால் போய் உட்கார்ந்து கதவைச் சாத்திப் பார்த்தேன். அந்தக் காருக்கு இரண்டு வாசிகள் உண்டு. முன்னால் இருப்பவர் பத்து மணி நேரம் இருப்பார், பின்னால் இருப்பவர் அரை மணி நேரம், கைகள் முதுகுக்குப் பின்னால் விலங்கிட்டபடி. இரண்டு பேருமே அந்தக் காரை விரும்பித் தேர்ந்தெடுத்தவர்கள் இல்லை.

கிரவுன் விக்டோரியாவை அமெரிக்கப் போலீஸ் ஏன் அவ்வளவு நேசித்தது என்பதற்குக் காரணங்கள் எளிமையானவை. 1979-இல் வந்த அடித்தளத்தின் மேல் நிற்கும் கார் அது. கீழே லாரிக்கு இருப்பது மாதிரி தனி சேஸிஸ், அதன் மேல் வைத்த உடல். முன்னால் 4.6 லிட்டர் வி-8 இன்ஜின், 250 குதிரைத்திறன், பின்சக்கர இயக்கம். வேகத்தில் பெரிய சூரன் இல்லை. ஆனால் நடைபாதை விளிம்பில் ஏற்றி இறக்கினாலும் தாங்கும், எதிலாவது மோதினால் வளைந்ததை மாற்றிவிட்டு மறுபடி ரோட்டுக்கு அனுப்பலாம். நீளமான முன்சீட் இடம், கியர் லிவர் ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில், நடுவில் ரேடியோவுக்கும் கம்ப்யூட்டருக்கும் தாராளமான இடம். ஒரு ஊர்க் காவல் துறையின் மெக்கானிக்குக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்து மாட்டத் தெரியும். போட்டியாக இருந்த செவர்லே கப்ரீஸின் போலீஸ் வடிவமான 9சி1 வண்டியை ஜெனரல் மோட்டார்ஸ் 1996-இல் நிறுத்திவிட்டது. அது தயாரான டெக்சஸ் ஆர்லிங்டன் தொழிற்சாலையைப் பெரிய ட்ரக்குகளுக்கும் எஸ்யூவிகளுக்கும் மாற்றிவிட்டார்கள். அதிலிருந்து 2006-இல் டாட்ஜ் சார்ஜர் வரும்வரை பின்சக்கர இயக்கமுள்ள பெரிய போலீஸ் செடான் என்றால் இது ஒன்றுதான்.

ஆனால் பழசு என்பதற்காக எல்லாவற்றையும் புகழ எனக்கு மனமில்லை. அந்தக் காரின் பெட்ரோல் டேங்க் பின் அச்சுக்குப் பின்னால் இருந்தது. சாலையோரம் நிறுத்தியிருக்கும் ரோந்து காரில் பின்னாலிருந்து யாராவது முழு வேகத்தில் வந்து மோதினால் டேங்க் கிழிந்து தீப்பிடிக்கும். அப்படி போலீஸ்காரர்கள் எரிந்து இறந்திருக்கிறார்கள். 2002-இல் ஃபோர்டு டேங்கைச் சுற்றிப் பாதுகாப்புத் தகடுகள் பொருத்தக் கொடுத்தது. 2005 மாடலில் தீயணைக்கும் அமைப்பையே காருக்குள் வைத்து விற்றது. நின்றுகொண்டிருக்கும் கார் என்று மேலே சொன்னேனே, அந்த நிற்பதுதான் அதன் பெரிய ஆபத்தாகவும் இருந்தது. வடிவமைத்தவர்கள் ஓடும் காரை மனதில் வைத்து டேங்குக்கு இடம் பார்த்தார்கள். போலீஸ்காரரோ அதை நெடுஞ்சாலையின் ஓரத்தில் நிறுத்தி, விளக்கைப் போட்டுவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தார்.

2011 செப்டம்பர் 15 அன்று கனடாவின் ஒன்டாரியோவில், செயின்ட் தாமஸ் தொழிற்சாலையிலிருந்து கடைசி கிரவுன் விக்டோரியா வெளியே வந்தது. அதற்கு முன்பே சில காவல் துறைகள் கிடைத்ததையெல்லாம் சேர்த்து வாங்கி நிறுத்தி வைத்துக்கொண்டன. அடுத்து வருவது என்னவாக இருக்குமோ என்ற பயம்தான்.

அடுத்து வந்தவை மூன்று. சார்ஜரை டாட்ஜ் 2011 மாடலுக்குப் புதிதாக வரைந்து, பர்சூட் என்று பெயர் வைத்து, 370 குதிரைத்திறன் ஹெமி இன்ஜினோடு கொடுத்தது. கப்ரீஸ் என்ற பெயரை ஜெனரல் மோட்டார்ஸ் மறுபடி எடுத்தது, ஆனால் இந்தத் தடவை கார் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. ஹோல்டன் நிறுவனம் எலிசபெத் நகரத் தொழிற்சாலையில் கட்டி, கப்பலில் ஏற்றி அனுப்பியது. அமெரிக்காவில் அதைப் போலீஸுக்கு மட்டும்தான் விற்றார்கள். ரொம்ப நல்ல கார் என்று ஓட்டியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன், ஆனால் நான் அதிகம் பார்த்ததில்லை. 2017 அக்டோபரில் அந்தத் தொழிற்சாலையே மூடப்பட்டது.

மூன்றாவதுதான் என் மனதில் தங்கியது: ஃபோர்டு டாரஸை அடிப்படையாக வைத்துச் செய்த போலீஸ் இன்டர்செப்டர் செடான். 2010 மார்ச்சில் லாஸ் வேகாஸில் காட்டினார்கள், 2013 மாடலாகச் சாலைக்கு வந்தது.

டாரஸ் என்ற பெயருக்குள் இருந்த கார் கொஞ்சம் சுற்றி வளைத்து வந்த ஒன்று. 2000-களின் நடுவில் ஃபைவ் ஹண்ட்ரட் என்ற பெயரில் ஃபோர்டு ஒரு செடான் கொண்டுவந்தது. அப்போது ஃபோர்டின் கையில் வோல்வோ இருந்தது, அடித்தளம் வோல்வோவிலிருந்து எடுத்தது. பார்க்க ரொம்பச் சாதாரணமாக இருக்கும், கூரை உயரமாக இருக்கும், ஏறுவதும் இறங்குவதும் நாற்காலியில் உட்கார்ந்து எழுவது மாதிரி. யாரும் அதை விரும்பி வாங்கவில்லை. ஃபோர்டின் தலைவராக வந்த ஆலன் முலாலி, எல்லோருக்கும் தெரிந்த டாரஸ் பெயரை ஏன் தூக்கிப் போட்டீர்கள் என்று கேட்டு 2008 மாடலில் அதற்கு டாரஸ் என்று பெயர் வைக்கச் செய்தார். 2010 மாடலுக்கு உடலை முழுக்க மாற்றி வரைந்தார்கள். அந்தப் புது உருவம்தான் போலீஸ் காராகவும் ஆனது. ஜன்னலின் அடிக்கோடு மேலே ஏறியது, கண்ணாடி குறுகியது, கூரை தாழ்ந்து பின்னால் சரிந்தது. ஷோரூமில் நிறுத்திப் பார்த்தால் அழகான கார்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. திமிரோடு நிற்கும் ஒரு உடம்பு. ஆனால் அந்த அழகு அத்தனையும் காருக்கு வெளியே நின்று பார்ப்பவருக்கு.

உள்ளே உட்காருபவருக்காக வேலை செய்தவர்கள் வேறு ஆட்கள். அவர்கள் செய்ததைத்தான் நான் மதிப்போடு சொல்ல வேண்டும். ஃபோர்டில் போலீஸ் ஆலோசனைக் குழு என்று ஒன்று உண்டு. பல ஊர்க் காவல் துறைக்காரர்கள் அதில் உட்கார்ந்து தங்கள் தேவையைச் சொல்வார்கள். அப்படிச் சொன்னதெல்லாம் இந்தக் காரில் தெரிந்தது. கியர் லிவரைத் தரையிலிருந்து தூக்கி ஸ்டியரிங் தண்டுக்குக் கொண்டுபோனார்கள், நடுவில் சாமான் வைக்க இடம் கிடைத்தது. பின்கதவுகள் இன்னும் அகலமாகத் திறக்கும்படி கீல்களை மாற்றினார்கள். முன்சீட்டின் சாய்மானத்துக்குள் இரும்புத் தகடு வைத்தார்கள், பின்னால் இருப்பவர் எதையாவது கொண்டு குத்தினால் முதுகில் ஏறாமல் இருக்க. பின்னாலிருந்து 75 மைல் வேகத்தில் மோதும் சோதனைக்கு ஏற்றபடி கட்டினார்கள். அப்புறம், நான் மேலே சொன்ன அந்த மேடு. முன்சீட்டின் அடிப்பகுதியில் இடுப்பை ஒட்டியிருக்கும் மேட்டை எடுத்தேவிட்டார்கள். துப்பாக்கி, விலங்கு, ரேடியோ, டார்ச் எல்லாம் தொங்கும் இடுப்புப் பட்டை பொருந்தி உட்கார அங்கே இடம் விட்டார்கள்.

இதைப் படித்தபோது எனக்குச் சட்டென்று ஒரு சந்தோஷம் வந்தது. யாரோ ஒருவர் என் காரில் இருப்பது மாதிரி கிழிந்த சீட்டைப் பார்த்திருக்கிறார். ஏன் இங்கே மட்டும் கிழிகிறது என்று கேட்டிருக்கிறார். தையல் நூலைத் தடிமனாக்கிக் கொடுத்துவிட்டுப் போகாமல், உட்காரும் உடம்பை யோசித்திருக்கிறார்.

2015-இல் பக்கத்து ஊர்க் காவல் நிலையத்தில் பொதுமக்கள் வந்து பார்க்கும் நாள் ஒன்று நடந்தது. எட்டு வயது மகளோடு போனேன். வண்டிகளை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள்: ஓய்வுக்குக் காத்திருக்கும் ஒரு கிரவுன் விக்டோரியா, அதற்குப் பக்கத்தில் புது டாரஸ். உயர வித்தியாசம் அவ்வளவாக இல்லை, ஆனால் கண்ணாடிகளைப் பார்த்தால் ஒன்று வீடு, மற்றது கோட்டை என்று தோன்றும். டாரஸுக்குப் பக்கத்தில் நின்ற பெண் அதிகாரியிடம் சீட்டைத் தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டேன். இதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை என்றார். பிறகு அவரே உட்கார்ந்து காட்டினார். ஒரே அசைவு. உட்கார்ந்தார், கை இடுப்பைத் தாண்டி நேராகக் கொக்கிக்குப் போனது, 'டிக்' என்று மாட்டியது. பழைய காரில் எப்படி என்று கேட்டேன். பக்கத்தில் நின்ற கிரவுன் விக்டோரியாவைக் கையால் காட்டி, அதில் இரண்டு தடவை தேடுவேன் என்றார்.

பின்சீட்டைப் பற்றிக் கேட்டதும் அவர் பேச்சு நிதானமானது. விலங்கிட்ட ஆளை உள்ளே உட்கார வைக்கும்போது, அவர் தலை கூரை விளிம்பில் இடிக்காமல் இருக்கப் போலீஸ்காரர் தன் உள்ளங்கையைத் தலைமேல் வைத்துக் கீழே தாழ்த்துவார். டிவியில் பார்த்திருப்போம். "பழைய காரை விட இதில் இன்னும் கீழே தாழ்த்த வேண்டும்" என்று சொல்லி, கையை முதலில் ஒரு உயரத்தில் வைத்துக் காட்டினார், அப்புறம் அதற்கு ஒரு ஜாண் கீழே. சிலர் குனிவார்கள், சிலர் பயத்தில் விறைத்துக்கொள்வார்கள், சிலர் போதையில் இருப்பார்கள், குனிய வேண்டும் என்பதே அவர்களுக்கு விளங்காது. மகள் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். வினைல் சீட், முன்னால் கூண்டுக் கம்பி. "அப்பா, வெளியே ஒண்ணுமே தெரியல" என்றாள். ஜன்னலின் அடிக்கோடு அவள் கண்ணுக்கு மேலே இருந்தது. கிரவுன் விக்டோரியாவில் ஏற்றினேன். அங்கே முகம் முழுக்கத் தெரிந்தது, கையசைத்தாள்.

அந்த இரண்டு நிமிடத்தில் எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. இடுப்புக்கு நேர்ந்த குறையைச் சரியாகப் பார்த்துத் தீர்த்திருக்கிறார்கள். தலைக்கு வந்ததை அவர்களால் தீர்க்க முடியவில்லை. சீட்டை மாற்றலாம், கீலை மாற்றலாம், கூரையை மாற்ற முடியாது. அது ஷோரூமுக்காக ஏற்கெனவே வரைந்து முடித்த கோடு. போலீஸ் காரை வடிவமைப்பவர் எப்போதும் இன்னொருவர் வரைந்த உடம்புக்குள் வேலை செய்கிறவர்.

இந்தக் கட்டை உடைக்க ஒரே ஒரு முயற்சி நடந்தது, அதைச் சொல்லாமல் போக முடியாது. 2003-இல் தொடங்கிய கார்பன் மோட்டார்ஸ் என்ற நிறுவனம், போலீஸுக்காகவே முதல் கோட்டிலிருந்து ஒரு காரை வரைந்தது. ஈ7 என்று பெயர். பின்கதவு பின்பக்கக் கீலில் எதிர்த்திசையில் திறக்கும். விலங்கிட்ட ஆள் திரும்பி அப்படியே உட்காரலாம், தலையைத் தாழ்த்தும் வேலை பாதியாகக் குறையும். பின்பகுதியைத் தண்ணீர் ஊற்றிக் கழுவலாம். பி.எம்.டபிள்யூ டீசல் இன்ஜின் கொடுக்க ஒப்புக்கொண்டது. இண்டியானா மாநிலத்தில் கானர்ஸ்வில் என்ற ஊரில், மூடிக் கிடந்த ஒரு பெரிய தொழிற்சாலையில் அதைக் கட்டுவதாகத் திட்டம். வேலை போன ஊர் அது, எவ்வளவு நம்பியிருப்பார்கள் என்று நினைத்தாலே வருத்தமாக இருக்கிறது. 2012-இல் மத்திய எரிசக்தித் துறை கடன் தர மறுத்தது, 2013-இல் நிறுவனம் திவாலானது. ஒரு போலீஸ்காரருக்குக்கூட அந்தக் கார் போய்ச் சேரவில்லை.

மிச்சிகன் மாநிலப் போலீஸ் செய்யும் ஒரு நல்ல வேலையையும் சொல்கிறேன். ஆண்டுதோறும் இலையுதிர் காலத்துக்கு முன்னால், அடுத்த மாடல் ரோந்து வண்டிகளை எல்லாம் வரவழைத்துச் சோதிப்பார்கள். செல்சியில் உள்ள சோதனைத் தளத்தில் முடுக்கம், உச்ச வேகம், பிரேக். பிறகு கிராட்டன் பந்தயத் தடத்தில் நான்கு ஓட்டுநர்கள் ஆளுக்கு எட்டுச் சுற்று. முடிவுகளை நாடு முழுக்க எல்லாக் காவல் துறைகளும் படிக்கலாம். பத்திரிகைகள் முடுக்கத்தையும் சுற்று நேரத்தையும்தான் எடுத்துப் போடும். நான் முதலில் திருப்புவது அறிக்கையின் கடைசிப் பக்கங்களை: உட்காரும் வசதி, ஏறி இறங்கும் வசதி, ரேடியோ பொருத்தும் இடம். ஒவ்வொன்றுக்கும் அதிகாரிகளே உட்கார்ந்து மதிப்பெண் போடுகிறார்கள். 365 குதிரைத்திறன் கொண்ட இரட்டை டர்போ டாரஸ் தடத்தில் என் பழைய வி-8 காரை எளிதாகத் தோற்கடித்துவிடும். நான்கு சக்கர இயக்கம் இருப்பதால் மிச்சிகன் பனியிலும் நம்பிப் போகலாம். பழைய காருக்குக் குளிர்காலத்தில் நான் டிக்கியில் மணல் மூட்டை வைத்து ஓட்டியிருக்கிறேன். ஓட்டத்தில் புது கார் மேல் என்பதில் விவாதமே கிடையாது. ஆனால் 4,100 மணி நேரம் நின்ற மீட்டரைப் பார்த்தவன் நான், அதனால் கடைசிப் பக்கம்தான் எனக்கு முதல் பக்கம்.

முடிவும் அந்தக் கடைசிப் பக்கம் காட்டிய வழியில்தான் போனது. டாரஸ் கட்டப்பட்ட சிகாகோ தொழிற்சாலையில், அதே வரிசையில், அதே குடும்பத்து அடித்தளத்தில் இன்னொரு வண்டியும் தயாராகிக்கொண்டிருந்தது: எக்ஸ்ப்ளோரர். அதற்கும் ஒரு போலீஸ் வடிவத்தை ஃபோர்டு கூடவே கொண்டுவந்தது. செடான்தான் பிரதானம், எஸ்யூவி ஒரு துணை என்றுதான் ஆரம்பத்தில் எல்லோரும் நினைத்தார்கள். காவல் துறைகளோ உயரமானதை வாங்கின. குனியாமல் ஏறலாம், தலையை அவ்வளவு தாழ்த்த வேண்டாம், பின்னால் சாமான் வைக்க இடம் இருக்கிறது. ஃபைவ் ஹண்ட்ரட் காரில் யாருக்கும் பிடிக்காமல் போன அந்த உயரமான கூரையைத்தான் போலீஸ் எக்ஸ்ப்ளோரரில் தேடிப் போய் வாங்கியது என்று எனக்குத் தோன்றும். 2019 மார்ச்சில் கடைசி டாரஸ் சிகாகோவிலிருந்து வெளியேறியது. சார்ஜர் இன்னும் கொஞ்ச காலம் தாக்குப்பிடித்து, 2023 இறுதியில் ஒன்டாரியோவின் பிராம்ப்டன் தொழிற்சாலையில் நின்றது.

என் கிரவுன் விக்டோரியாவை 2019-இல் கொடுத்துவிட்டேன். மிச்சிகன் சாலைகளில் பனிக்காலத்தில் உப்புப் போடுவார்கள். அந்த உப்பு சேஸிஸைத் தின்றிருந்தது. இன்ஜின் கடைசி நாள் வரை ஒரு குரல் மாறவில்லை. சீட் தைப்பவரிடம் ஒரு தடவை அந்தக் கிழிசலைக் காட்டியிருந்தேன், புதுத் துணி போட்டுவிடலாம் என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், ஏன் என்று அவருக்கு விளக்க எனக்கு அன்று வார்த்தை வரவில்லை.

அடுத்த வருட இலையுதிர் காலத்தில் மறுபடி ஒரு ஏலத்துக்குப் போனேன், வாங்குவதற்காக இல்லை. ஓய்வு பெற்ற டாரஸ்கள் ஏழெட்டு வரிசையாக நின்றன. கூரையில் ரப்பர் மூடிகள், கதவில் எழுத்து உரித்த நிழல். எல்லாம் 2013, 2014 மாடல்கள். முதல் காரின் கதவைத் திறந்தேன், உள்விளக்கு எரியவில்லை. கதவுக்கு மேலே கூரைத் துணியின் ஓரத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கருத்த தடம் இருந்தது, ஏழு வருடம் குனிந்து ஏறியவர்கள் பிடித்துக்கொண்ட இடம். தரை ரப்பரில் குதிகால் வைத்த பள்ளம். கைத்தாங்கியின் ஓரம் வழவழவென்று ஆகியிருந்தது. செல்ஃபோன் வெளிச்சத்தை அடித்து, குனிந்து, சீட்டின் வலது பக்கத்தைப் பார்த்தேன். விரலை வைத்து முன்னும் பின்னும் தடவினேன். அடுத்த காரிலும் பார்த்தேன், அதற்கடுத்ததிலும். எதிலும் அந்த இடத்தில் ஒரு தையல்கூடப் பிரிந்திருக்கவில்லை.